எந்த வறட்சிக்கு எந்தக் காய்?

கரிசல் காட்டில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "வறட்சி தாங்குற விதை ஏதாச்சும் வந்திருக்காம்மா?" என்பதுதான். ஆவணி கடைசியில் தொடங்கும், புரட்டாசி முழுக்க நீளும். விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்க்காரர்கள் கேட்பார்கள். சாத்தூர்ப் பக்கம் கத்தரி போடுகிறவர்கள் கேட்பார்கள். ஓய்வு பெற்ற பின்னும், கடைத்தெருவில் பார்த்தால் கேட்கிறார்கள். நான் எப்போதும் திருப்பி ஒன்று கேட்பேன்: "உங்க காட்டுல தண்ணி எப்பக் கால வாரும்?"

கேட்டவர் சற்று யோசிப்பார். பிறகு தன் மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவார். விதை பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் எல்லா நிலத்துக்கும் வறட்சி ஒரே மாதிரி வருவதில்லை. எல்லாச் செடிகளும் அதை ஒரே வழியில் சமாளிப்பதும் இல்லை.

எங்கள் கரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். களி மிகுந்த மண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழை 700 மி.மீ. அளவில்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். அந்த மழையை மண் வாங்கி ஆழத்தில் வைத்துக்கொள்ளும். அப்புறம் மார்கழிப் பனி, மாசி வெயில், பங்குனிக் காய்ச்சல். பயிர் தன் முன்பாதி வாழ்க்கையை ஈரத்திலும் பின்பாதியைக் காய்ச்சலிலும் கழிக்க வேண்டும். மேலே காய்ந்து கொண்டே வர, ஈரம் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும்.

சங்கரன்கோவில் பக்கத்துச் செவல் காட்டில் கதை வேறு. மண் ஆழம் குறைவு, தண்ணீரைப் பிடித்து வைக்கவும் தெரியாது. நல்ல மழை பெய்தாலும் இரண்டு வாரத்தில் பயிர் முகம் வாடிவிடும். அடுத்த மழை வந்தால் எழ வேண்டும், அது போனால் மறுபடி துவள வேண்டும். கிணற்றுப் பாசனக்காரருக்கு மூன்றாவது வகைத் தொல்லை. பயிரைச் செல்லமாக வளர்த்துப் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது, சித்திரையில் கிணறு வற்றிவிடும். இந்த மூன்று பேருக்கும் ஒரே விதையைக் கொடுத்து, "வறட்சி தாங்கும்" என்று சொல்லி அனுப்புவது நியாயமில்லை.

செடிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்ளே எடுத்துத்தான் செடி தனக்கு வேண்டிய உணவைச் செய்கிறது. அதற்குத் துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100க்கு 90 பங்குக்கு மேல் இப்படித்தான் போகிறது. கடையைத் திறந்தால்தான் வியாபாரம், ஆனால் திறந்திருக்கும் நேரமெல்லாம் கல்லாவும் கரைகிறது என்கிற நிலைமை. மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இலைத்துளையின் இரு பக்கமும் உள்ள காவல் செல்களைச் சுருங்க வைத்துத் துளையை மூடுகிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் உணவு உற்பத்தியும் படுத்துவிடும். ஆவியாகும் நீர்தான் இலையைக் குளிர்விப்பதால், மூடிய இலை வெயிலில் சூடேறவும் செய்யும்.

இந்த ஹார்மோன் எவ்வளவு முக்கியம் என்பதைத் தக்காளியே காட்டியிருக்கிறது. ஃபிளாக்கா என்று ஒரு தக்காளித் திரிபு உண்டு. அதனால் அப்சிசிக் அமிலத்தைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தாலும் அந்தச் செடி வாடி நிற்கும், இலைத்துளையை மூடத் தெரியாமல். தண்ணீர் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான், இருக்கிற தண்ணீரை எப்போது செலவழிப்பது என்று செடிக்குத் தெரிகிறதா என்பது மறுபாதி.

மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. மாலையில் அல்லது மறுநாள் விடியலில் இலை நிமிர்ந்துவிட்டால் செடி சமாளிக்கிறது என்று பொருள். விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தண்ணீர் மிச்சமாகும்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். கரிசலில் காய்கறி என்று பேச்செடுத்தால் முதலில் வருவது அதுதான்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் குண்டாக, தடித்த தோலோடு இருக்கும். வத்தலைக் காதருகே ஆட்டினால் விதை கலகலக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் மானாவாரியாகவே போடுகிறார்கள். நாற்றங்கால் கிடையாது. மழைக்கு முன்பே புழுதியில் நேரடியாக விதைத்துவிடுவார்கள். மழை விழுந்ததும் முளைக்கும். கிணற்றடித் தோட்டத்தில் நாற்றுப் பிடுங்கி நடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சோம்பேறி விவசாயமாகத் தெரியலாம். புதூர் அருகே ஒரு மூதாட்டி, களை கொத்திக்கொண்டே எனக்கு விளக்கம் சொன்னார்.

"தாயி, நாத்தப் புடுங்கினா ஆணிவேர் அறுந்துபோகுதுல்ல. அப்புறம் அது பக்கத்துலயேதான் சல்லிவேர் விட்டுக்கிட்டுக் கெடக்கும். இது விழுந்த எடத்துலயே வேர் விடுது. ஈரம் கீழ எறங்க எறங்க இதுவும் பின்னாலயே போயிரும்."

"அப்போ செடி ஏன் இவ்வளவு குட்டையா நிக்குது?"

"மேல வளந்து என்ன செய்ய? மொதல்ல கீழ வளரட்டும்."

வேளாண்மைப் பாடத்தில் நான் படித்த செய்தி அப்படியே அதுதான். ஈரம் குறையும்போது பல செடிகள் தண்டுக்கும் இலைக்கும் போகும் உணவைக் குறைத்து வேருக்கு அனுப்புகின்றன. வேர் ஆழமாக இறங்கும் ரகம் கரிசலில் பிழைக்கும். ஆனால் அதே ரகத்தைச் செவல் காட்டில் போட்டால், ஒரு முழத்துக்குக் கீழே சரளை இருக்கும் இடத்தில், ஆழ வேருக்கு வேலை இல்லை. அங்கே மேலாகப் பரந்து, சிறு மழையையும் சட்டென்று உறிஞ்சும் வேர்தான் வேண்டும். அந்த மூதாட்டி களை கொத்தியதும் களைக்காக மட்டும் அல்ல. மேல்மண்ணைப் பொடியாக்கி வெடிப்பை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். விதையின் குணமும் அவர் கைவேலையும் சேர்ந்தே அந்தச் செடியை நிறுத்தி வைத்திருந்தன.

மிளகாய்க்கு உண்மையான ஆபத்து பூக்கும் பருவத்தில்தான். தண்ணீர்ப் பற்றாக்குறையும் வெப்பமும் சேர்ந்தால் பூக்காம்பின் அடியில் ஒரு வெட்டுப்படலம் உருவாகிப் பூ உதிர்ந்துவிடும். செடி சாகாது, பூவைக் கைவிடும். ஒரே மூச்சில் பூத்து ஒரே மூச்சில் காய்க்கும் ரகத்துக்கு அந்த நேரத்தில் வறட்சி வந்தால் அந்த ஆண்டே போயிற்று. முண்டு, சம்பா போன்றவை தவணை தவணையாகப் பூக்கும். முதல் பூ உதிர்ந்தாலும் பனி ஈரத்திலோ தப்பிப் பெய்யும் மாசி மழையிலோ இன்னொரு சுற்று எடுக்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கே2 ரகத்துக்குப் பெற்றோரில் ஒன்று சாத்தூர் சம்பா. பரமக்குடியிலிருந்து வந்த பிஎம்கே1 ரகத்தில் ராமநாதபுரம் குண்டு என்கிற முண்டு கலந்திருக்கிறது. மானாவாரிக்கு ரகம் உருவாக்க உட்கார்ந்த விஞ்ஞானிகள் எங்கள் ஊர் வத்தலைத் தேடி வந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அந்தத் தை மாதம் நான் பார்த்த மிளகாய்க் காடுகளை மறக்க முடியாது. நாற்று வாங்கி நட்ட வீரிய ஒட்டு ரகங்கள் உயரமாக வளர்ந்து, பிஞ்சு வெம்பி, அப்படியே கருகியிருந்தன. புழுதி விதைப்பில் வந்த முண்டு சாண் உயரத்தில், இலை சிறுத்து, சில செடிகளில் நாலைந்து காயோடு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் முண்டும் முழுதாகச் செத்த காடுகளும் இருந்தன. எந்த ரகமும் ஈரமே இல்லாத மண்ணில் விளையாது. ஆனாலும் அந்த நாலைந்து காய்தான் அடுத்த ஆண்டு விதைக்கு ஆனது. சம்சாரிக்கு அது சின்ன விஷயம் இல்லை. மறுபடி விதைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

வறட்சியைத் தாங்குவதற்கு இன்னொரு வழி, அதற்கு முகம் கொடுக்காமலே இருந்துவிடுவது. இதில் எனக்கு மிகவும் பிடித்த காய் அதலைக்காய். விருதுநகர், தூத்துக்குடி, மதுரை வட்டாரத்துக்கு வெளியே பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பாகற்காயின் குடும்பம். விரல் நீளம்கூட வராத, வரி வரியான, கசக்கும் பச்சைக் காய். யாரும் விதைப்பதில்லை. கரிசல் காட்டில் வரப்போரம் தானாக வரும். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது. வெயில் காலம் முழுக்க மேலே ஒரு தடயமும் இருக்காது. கொடி காய்ந்து மட்கிவிடும். மண் வெடித்து, காற்றில் புழுதி பறக்கும் மாதங்களில் கிழங்கு உள்ளே உறங்கிக் கிடக்கும். ஐப்பசியில் மழை நனைத்ததும் துளிர்க்கும். சில வாரங்களில் கொடி ஓடி, பூத்து, காய்த்து, தை பிறக்கும்போது வேலையை முடித்துக்கொள்ளும். ஈரம் இருக்கும் காலத்துக்குள் தன் முழு வாழ்க்கையையும் சுருக்கி வைத்துக்கொண்ட செடி அது.

அதலைக்காயை வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடித்துவிடும். அதனால் தூர ஊர்ச் சந்தைக்குப் போவதில்லை, பெரிய வியாபாரமும் ஆகவில்லை. விதையை முளைக்க வைப்பதும் லேசில் நடக்காது, கிழங்கைப் பெயர்த்து வைத்தால்தான் நிச்சயம். காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மடியில் பறித்து வந்து, சின்ன வெங்காயம் போட்டு வதக்குவார்கள். மீதியைக் கூறு கட்டி விற்பார்கள். இப்போது வரப்பெல்லாம் டிராக்டரில் புரட்டப்படுகிறது, களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. ஆழ உழுதால் கிழங்கு மேலே வந்து வெயிலில் காய்ந்துபோகும். ஒரு முறை போனால் அந்த வரப்பில் அது திரும்பி வராது. ஒரு தண்ணீர்கூடப் பாய்ச்சாமல் நமக்குக் காய் கொடுத்த செடியை நாமே இப்படித் தொலைக்கிறோம் என்பதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

முருங்கையும் வேரில் சேமிக்கிற மரம்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம்1 ரகம் 1989இல் வந்தபோது விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை பரவலானது. விதையில் வரும் முருங்கைக்குக் கிழங்கு போலத் தடித்த ஆணிவேர் உண்டாகும். போத்து நட்டு வளர்ப்பதற்கு அந்த ஆணிவேர் கிடையாது. கோடை கடுமையானால் முருங்கை இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். பட்டுப்போயிற்று என்று வெட்டிவிடாதீர்கள்.

பயறு வகைகளின் தந்திரம் இலையில் இருக்கிறது. தட்டைப்பயற்றுச் செடியை நல்ல மதிய வெயிலில் நின்று கவனியுங்கள். ஈரம் இருக்கும் நாளில் இலைகள் விரிந்து வெயிலை முழுதாக வாங்கும். ஈரம் குறைந்த நாளில் அதே இலைகள் திரும்பி, வெயில் விழும் திசைக்கு இணையாக நிற்கும். வெயில் படும் பரப்பு குறைவதால் இலை சூடேறுவதும் குறையும். தட்டைப்பயறு இலைத்துளையையும் சீக்கிரமே மூடிவிடும். கொத்தவரைக்கு இன்னொரு குணம். ராஜஸ்தான் மணற்காட்டிலேயே பெருவாரியாக விளைகிற செடி. ஆணிவேர் ஆழமாகப் போகும். மழை இடைவெளி விட்டால் வளர்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த மழைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். செவல் காட்டுக்காரர் என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது கொத்தவரையும் தட்டைப்பயறும்தான். அவரை, மொச்சை அடுத்தபடி.

கத்தரி இலையைத் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். நட்சத்திர வடிவில் கிளைத்த நுண்ணிய மயிர்கள் அவை. வெயிலைச் சிதறடித்து, இலையை ஒட்டிய காற்றை அசையாமல் வைத்து, ஈரம் வேகமாகப் போவதைக் குறைக்கின்றன. ஆழ வேரும் உண்டு என்பதால் கத்தரி தக்காளியைவிட எப்போதும் ஒரு படி உறுதியானது. அதைவிட உறுதியானது சுண்டைச் செடி. அதனால்தான் சுண்டை அடிச்செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டும் முறை இப்போது பரவுகிறது. வேர் சுண்டையினுடையது, காய் கத்தரியினுடையது. வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் தாக்குப்பிடிப்பது முதல் லாபம், காய்ச்சலைத் தாங்குவது கூடுதல் லாபம்.

கீரைகளைச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் அமராந்தஸ் குடும்பம். கரும்பும் சோளமும் கையாளும் வழியிலேயே இவையும் உணவு செய்கின்றன. 1960களில் ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்த ஹேட்ச், ஸ்லாக் இருவரும் விளக்கிய வழி அது. கரியமில வாயுவை முதலில் ஒரு அமிலமாகப் பிடித்துச் செறிவாக்கிக்கொள்வதால், இலைத்துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே இவற்றுக்குப் போதும். அதே அளவு தண்ணீரில் தக்காளியோ கத்தரியோ செய்வதைவிடக் கூடுதலாக வளர்ந்துவிடும். பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தண்ணீர் இருந்தால் கரும்பின் வழி. வறட்சி வந்தால் கள்ளிச் செடிகளின் வழியையும் சேர்த்துக்கொள்ளும். அதாவது இரவில் துளையைத் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் மூடிக்கொள்ளும். இந்த இரண்டு வழிகளும் ஒரே செல்லுக்குள் சேர்ந்து இயங்குகின்றன என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். களை என்று நாம் பிடுங்கி எறியும் செடி இவ்வளவு வித்தை கற்று வைத்திருக்கிறது. பருப்போடு கடைந்தால் அருமையான குழம்பும் ஆகும்.

தக்காளிதான் எங்கள் எல்லாருக்கும் தலைவலி. காய்ச்சலிலும் வெக்கையிலும் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். தண்ணீர் விட்டு விட்டு வந்தால் காயின் அடிப்பகுதி கருத்து அழுகும். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் வருகிற கோளாறு அது. நீண்ட காய்ச்சலுக்குப் பின் திடீர் மழை பெய்தால் பழம் வெடிக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அர்கா விகாஸ், அர்கா மேகாலி என்ற ரகங்களைக் கொண்டுவந்தது. இரண்டும் மானாவாரிக்கு ஏற்றவை. அவற்றைப் போட்டுப் பார்த்தவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். விளைச்சல் பாசன ஒட்டு ரகத்தோடு போட்டி போடாது, ஆனால் கை சுத்தமாகக் காலியாகாது என்றார்கள்.

தாங்கும் குணம் வேண்டுமானால் விளைச்சலை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? பெரும்பாலும் ஆம். இலைத்துளையை முன்கூட்டியே மூடும் செடி நல்ல மழை ஆண்டில் பின்தங்கும். வேருக்கு அதிகம் கொடுத்த செடி காய்க்குக் குறைவாகக் கொடுக்கும். ஆனால் அதுவே முடிந்த முடிவு இல்லை. பெருவின் வறண்ட மலைச்சரிவுகளில் பென்னெல்லி என்ற காட்டுத் தக்காளி வளர்கிறது. பச்சையாகவே இருக்கும், வாயில் வைக்க முடியாத சின்னப் பழம். இஸ்ரேலில் டேனி ஸாமிரின் குழு அந்தக் காட்டுத் தக்காளியின் மரபுத்துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாகுபடித் தக்காளிக்குள் கொண்டுவந்து சோதித்தது. அப்படிப்பட்ட மூன்று துண்டுகளைச் சேர்த்த கலப்பினங்கள் சந்தையில் முன்னணியில் இருந்த ரகத்தைவிட 50 சதவீதத்துக்கு மேல் விளைந்தன. தண்ணீர் தாராளமாகக் கொடுத்த வயலிலும் விளைந்தன, பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் கொடுத்த வயலிலும் விளைந்தன. 2004இல் வெளியான முடிவு இது. தின்ன உதவாத காட்டுக் காய்க்குள் இப்படி ஒரு செல்வம் இருந்தால், எங்கள் வரப்போரத்து அதலையிலும் மிதுக்கங்காயிலும் சுக்காங்காயிலும் என்ன இருக்கிறது என்று யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

வறட்சி ருசியையும் மாற்றும் என்பதைச் சமையல் செய்கிறவர்கள் கவனித்திருப்பார்கள். தண்ணீர் குறைந்த வெள்ளரி கசக்கும். முள்ளங்கி காரமேறும். மிளகாயில் பல ரகங்களுக்குக் காரம் கூடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் பக்கம் தக்காளியை நட்டபின் தண்ணீரே காட்டாமல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்கால மழை மண்ணில் விட்டுப்போன ஈரமும் கடற்காற்றும்தான் அதற்கு ஆதாரம். காய் குறைவு, ருசி அதிகம். அந்தப் பழத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். மானாவாரி முண்டு வத்தலுக்கு அப்படித் தனி விலை நிரந்தரமாகக் கிடைத்தால் எங்கள் சம்சாரிகள் ஏன் விதையைக் கைவிடப் போகிறார்கள்?

கரிசலைப் போலவே மழையை நம்பி வாழும் செனகல் நாட்டில் கண்டுபிடித்த ஒரு வழி என் மனதில் நிற்கிறது. அங்கே தட்டைப்பயறு ஏழைகளின் முக்கிய உணவு. 1990களில் மெலாக், மூரித் என்று இரண்டு ரகங்களைக் கொண்டுவந்தார்கள். மெலாக் சீக்கிரம் காய்த்துவிடும். மழை முன்னதாக நின்றாலும் வீட்டுக்கு ஏதாவது வந்துவிடும். மூரித் கொஞ்சம் தாமதமாக, படர்ந்து வளரும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து முதல் பூ போனாலும் பின்னால் மழை வந்தால் பிடித்துக்கொள்ளும். எந்த ஆண்டு எந்த மாதிரி வறட்சி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரே காட்டில் இரண்டையும் கலந்து போடச் சொன்னார்கள். நம் பெரியவர்கள் மிளகாய், மல்லி, பருத்தி என்று கலந்து விதைத்ததிலும் இதே புத்தி இருக்கிறது. ஒரே பயிருக்குள்ளேயே குறுகிய கால ரகமும் நீண்டகால ரகமும் சேர்த்துப் போடும் பழக்கத்தை நம் காய்கறித் தோட்டங்களுக்குக் கொண்டுவருவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

காய்கறி ரகங்களைப் பெரும்பாலும் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் பாத்திகளில்தான் சோதிக்கிறார்கள், விளைச்சலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு விதைப் பொட்டலத்தில் "வறட்சியைத் தாங்கும்" என்று இரண்டு சொல் அச்சாகிறது. எந்த மண்ணில், எந்தப் பருவத்து வறட்சியை, எத்தனை நாள்? இதைச் சொல்லாத பொட்டலம் சம்சாரிக்கு எதையும் சொல்லவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகமும் விதை நிறுவனங்களும் ஒவ்வொரு காய்கறி ரகத்தையும் மானாவாரியில், கரிசலிலும் செவலிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, பூக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்பதை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கான நிலமும் ஆட்களும் நம்மிடம் இருக்கின்றன. கோவில்பட்டி நிலையம் தொடங்கப்பட்டது 1901இல்.

காய்கறி போடுகிற உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விதை வாங்கப் போகுமுன் உங்கள் காட்டில் கடந்த சில ஆண்டுகளாக எந்த மாதத்தில் பயிர் துவண்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழை சீக்கிரம் நின்றுவிடும் காடு என்றால் குறுகிய காலத்தில் காய்த்து முடியும் ரகம் கேளுங்கள். நடுவில் விட்டு விட்டுப் பெய்யும் என்றால் நின்று தொடரும் கொத்தவரை, தட்டை, தவணையாகப் பூக்கும் நாட்டு மிளகாய் போடுங்கள். நாற்று நடுவதானால் பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துப் பழக்குங்கள். மழை பொய்த்த ஆண்டில் காய் பிடித்து நின்ற செடியைக் கண்டால் அடையாளக் கயிறு கட்டி, அதன் பழத்தை விதைக்கு எடுத்து வையுங்கள். வரப்பில் அதலை துளிர்த்திருந்தால் அந்த இடத்தில் மட்டுமாவது உழவைத் தவிர்த்துவிடுங்கள்.